வேர்க்காத உடம்பும் தூத்துக்குடி ஏ.சி.யும்

என் பெண்டாட்டிக்கு வேர்க்காது. கேட்கிறவர்கள் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். அப்படிச் சொன்ன ஒரு ஆளோடு சேத்தூர் பஸ்ஸில் சண்டை போட்டு நடுவழியில் இறங்கியிருக்கிறேன்.

ஒரு ஐப்பசி மழையில் தேவதானம் ரோட்டில் என் பைக்கிலிருந்து விழுந்தாள். ஓட்டியது நான். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளுக்குக் கழுத்தில் அடி. அதற்குக் கீழே எதுவும் அசையவில்லை. வேர்வையும் நின்றுபோனது. வேர்க்காத உடம்பு வெயிலில் நிறுத்திய வண்டி மாதிரி சூடேறிக்கொண்டே போகும், தானாக ஆறாது. இது எனக்குப் புரிவதற்குள் முதல் கோடை வந்துவிட்டது.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நான் ஃபிட்டர். மெஷின் பக்கம் இல்லை, காற்றுப் பக்கம். காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறும். அதனால் பெரிய ஃபேன் வைத்து, தண்ணீர்ச் சாரலுக்குள் காற்றை இழுத்து, நூல் ஓடும் கூடத்துக்குள் தள்ளுவோம். கதவு ஜன்னல் எல்லாம் இறுக்கி மூடியிருக்கும். எவனாவது கதவைத் திறந்து போட்டால் கெட்ட வார்த்தையில் கத்துவேன். இருபது வருடம் இதே வேலை. காற்றைக் குளிர வைக்க எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டாம் என்ற திமிர் இருந்தது.

பங்குனியில் எங்கள் காங்கிரீட் வீடு கொதிக்க ஆரம்பித்தது. ஒரு தண்ணீர்க் கூலர் வாங்கி அவள் கட்டிலுக்கு நேராக வைத்தேன். ஜன்னல்களை மூடி, அதன் மேல் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டேன். கதவிடுக்கில் பழைய துணியைச் செருகினேன். மில்லில் கழித்துப்போட்ட இரண்டு தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டினேன். ஒன்று சும்மா இருக்கும், இன்னொன்றின் நுனியில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்தால் காற்றில் ஈரம் நன்றாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வித்தியாசம் குறையக் குறைய எனக்குப் பெருமை.

“என்னங்க, மூச்சு முட்டுது. அந்தச் சன்னலச் செத்த தொறந்து விடுங்களேன்.”

“சும்மா கெட ஏட்டி. தொறந்தா வெக்கை பூரா உள்ள வரும்.”

“என்னைய என்ன நூல்னு நெனச்சீகளா, அந்து போயிருவேன்னு?”

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் நான் ஜன்னலைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் பக்கத்து வீட்டு அம்மா மில்லுக்குப் போன் போட்டது. வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பம். நான் வேலைக்குப் போனால் அந்த அம்மாதான் வந்து பார்த்துக்கொள்ளும். “அண்ணே, அக்காவுக்குக் கண்ணு சொருகுது. நெத்தியில கைய வைக்க முடியல, தோசக்கல்லா இருக்கு.”

ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனோம். அவளுடைய கேஸ் தெரிந்த டாக்டரம்மா அங்கேதான் இருக்கிறார். காய்ச்சல் நூற்றி நான்கு. ஐஸ் தண்ணீரில் துணியை நனைத்துப் போட்டு, இரண்டு பக்கமும் ஃபேன் வைத்தார்கள். கிருமி எதுவும் இல்லை, சூடுதான் என்றார்கள். வீட்டில் அறை எப்படி இருக்கும் என்று டாக்டரம்மா கேட்டார். நான் சாக்கு, கூலர், கதவிடுக்குத் துணி எல்லாம் விளக்கினேன். அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

“ஈரத்துணியால துடைச்சா, அந்த ஈரம் காஞ்சாத்தான் உடம்பு ஆறும். ரூம் பூரா ஈரத்தை அடைச்சு வச்சிருக்கீங்க. அது எங்க காயும்? ஏ.சி. போடப் பாருங்க. அதுவரைக்கும் சன்னல் எல்லாத்தையும் திறந்து வைங்க.”

மில்லுக்குள் அந்த ஈரம் நூலுக்கு. மெஷின் முன்னால் நிற்கும் பெண்கள் சட்டை முதுகோடு ஒட்டி, முகத்து வேர்வையை வழித்துப் போட்டுக்கொண்டு நிற்பதை இருபது வருடம் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தது மீட்டரைத்தான். அதைக் கொண்டுவந்து வீட்டில் மாட்டி, அவளைக் கொல்லப் பார்த்தேன். பைக்கில் ஒரு தடவை, இது இரண்டாவது தடவை.

புது ஏ.சி. வாங்கும் நிலையில் நான் இல்லை. அவள் அக்கா தூத்துக்குடியில் கடலை ஒட்டிக் குடியிருக்கிறாள். அவர்கள் புதிது மாட்டியதால் பழையது சும்மா கிடந்தது. எடுத்துவந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த மெக்கானிக் வெளியில் வைக்கிற பெட்டியைத் திறந்து உள்ளே விரலால் தொட்டான். தகடு அப்பளம் மாதிரி நொறுங்கி உதிர்ந்தது.

“அண்ணாச்சி, இத கடல் காத்து தின்னுருச்சு. ஓடும். எம்புட்டு நாளைக்குன்னு எங்கிட்டக் கேக்காதீக.”

“எங்க அக்கா குடுத்தது நல்லாத்தான் இருக்கும், மாட்டச் சொல்லுங்க” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. மாட்டினான்.

ஒன்பது நாள் ஓடியது. அந்த ஒன்பது நாளும் அவள் பகலில் தூங்கினாள். ஒருநாள் எழுந்து, “காது குளிருதுங்க, துண்டப் போடுங்க” என்றாள். உடம்பில் குளிர் தெரிவதற்கு அவளுக்கு மிச்சம் இருப்பது தலை மட்டும்தான். துண்டைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன்.

பத்தாம் நாள் வெறும் காற்று வந்தது. கேஸ் முழுக்க வெளியே போயிருந்தது. மெக்கானிக் வந்து தெரிந்த ஓட்டையை அடைத்துத் திரும்ப நிரப்பினான். நாலு நாள் நின்றது. மறுபடியும் வந்து, சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தான். குழாய் நெடுகக் குமிழி கிளம்பியது.

“ஒரு ஓட்டன்னா அடைச்சிரலாம் அண்ணாச்சி. இது சல்லடை. வெளிப் பெட்டியவே மாத்தணும். பழைய மாடலு, இங்க கெடையாது. மதுரையில சொல்லிருக்கேன். அஞ்சு நாளாகும்.”

“அஞ்சு நாள் அவ தாங்குவாளாலே?”

அவன் ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டான். அவன் மேல் கோபம் வந்தது. கடல் மேல், வெயில் மேல், அவள் அக்கா மேல் எல்லாம் வந்தது. யார் மேல் வந்தும் அறை குளிரவில்லை. அக்னி நட்சத்திரம் தொடங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அலைந்ததிலேயே என் லீவு எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. நான் வேலைக்குக் கிளம்பாமல் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன்.

“போங்க வேலைக்கு. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா மட்டும் குளுந்திருமா?”

“ஏதாச்சும் ஆச்சுன்னா?”

“ஆச்சுன்னா போன் வரும். வரலன்னா நான் கெடக்கேன்னு அர்த்தம்.”

ஜன்னல் எல்லாம் திறந்துவைத்து, ஃபேனை முகத்துக்குத் திருப்பிவிட்டுப் போனேன். அரைமணிக்கு ஒருதரம் பக்கத்து வீட்டு அம்மா துணியை நனைத்துக் கைகாலில் போட்டது. அந்த வெக்கையில் போட்ட துணி சீக்கிரமே காய்ந்துபோகும். காய்வதுதான் மருந்து என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதை நினைப்பது?

மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணி இருக்கும். மில்லில் ஃபேன்கள் ஓடும் பிளாண்ட் அறையில் போன் அடித்தது. எடுக்கிற அவசரத்தில் ரிசீவர் கீழே விழுந்துவிட்டது. எடுத்துக் காதில் வைத்தேன். சூப்பர்வைசர்.

“என்னய்யா பண்ணிக்கிட்டு இருக்க? இங்க நூல் அந்துக்கிட்டே கெடக்கு. ஈரம் எறங்கிருச்சு. தண்ணிய ஏத்து!”

வீட்டிலிருந்து இல்லை. அப்பாடா என்று இருந்தது. அவன் கத்துகிற எதுவும் உறைக்கவில்லை. வால்வைத் திருகினேன். சாரல் கூடியது, ஃபேன் ஈரக்காற்றை நூலுக்குத் தள்ளியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று திரும்பவும் போன் வந்தது.

மணி இரண்டேகால். ஷிப்ட் முடிய இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம். மதுரையிலிருந்து பெட்டி வர இன்னும் இரண்டு நாள். போனுக்குப் பக்கத்திலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.