காலி டேங்க்

எங்கள் அடுக்ககத்தில் ஐந்து வீடுகள். தரைத்தளத்தில் நாங்கள் மட்டும்தான். சென்னைக்கு மேற்கே இந்தப் பாரிவாக்கத்தில் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தால் இறைப்பதற்கு எல்லோரும் சேர்ந்து வாங்கிய சின்ன பெட்ரோல் பம்பு ஒன்று மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. மாடிக்காரர்களுக்கு அது பூஜைச் சாமான். எனக்கு அதை நம்பித்தான் வீடு.

ஆயுதபூஜைக்கு அதைக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, டேங்க் நிறையப் பெட்ரோலும் ஊற்றுவார்கள். போன வருடத்து மிச்சத்தின் மேலேயே புதியது. இப்போது எத்தனால் கலந்து வரும் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், கிடந்தால் பிசினாகும், வடித்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பதும் தீரும்வரை ஓடவிட்டு வையுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னேன். வயிற்றைக் காயப்போட்டுச் சாமி முன்னால் வைப்பதா என்று இரண்டாம் மாடி அம்மாள் கேட்டார். எல்லோரும் அவருக்குத் தலையாட்டினார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

போன மழையில் காலையிலேயே தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது. மனைவி அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் பம்பைப் படிக்கட்டில் தூக்கி வைத்துக் கயிற்றை இழுத்தேன். தோள் விட்டுப்போனதுதான் மிச்சம். பூஜைக் குங்குமம் மட்டும் கையில் ஒட்டியது.

ஆத்திரத்தோடு கார்புரேட்டரைக் கழற்றினேன். அடிக்கிண்ணத்தில் பச்சையாக ஒரு வழவழப்பு, அதற்கடியில் முத்துமுத்தாகத் தண்ணீர். பெட்ரோல் போகும் ஊசித்துளை அடைத்துக் கிடந்தது. ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி அதில் விட்டுக் குத்தினேன், வாயால் ஊதினேன். நாக்கு எரிந்தது. டேங்கை வடித்து, என் பைக்கிலிருந்து பெட்ரோல் பிடித்து ஊற்றினேன். அதற்குள் கூடத்தில் கணுக்கால் நனைந்தது.

இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. குழாயின் முனையைக் கேட்டுக்கு வெளியே தெருவில் போட்டேன். மனைவி உள்ளிருந்து சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் மாடிக்காரர் பூந்தமல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். பால்கனியிலிருந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்தே, நிறுத்திடு. நீ ரோட்ல ஊத்துற தண்ணி, கேட்டுக்கு அடியால உன் ஊட்டுக்கே திரும்பி வந்துகினு கீது."

பார்த்தேன். தெருவிலும் என் கூடத்திலும் தண்ணீர் ஒரே மட்டமாக இருந்தது. உள்ளே மனைவி கட்டில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பம்பு அவ்வளவு நன்றாக ஒருநாளும் ஓடியதில்லை. நிறுத்தக் கை வரவில்லை. பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். நான் சொன்னபடி டேங்க் காய்ந்து அது மாடிப்படிக்கு அடியில் திரும்பிப் போனது அந்த ஒரு வருடம்தான்.