வேகனில் ஒரு பூனை

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் குடியிருந்தோம். சற்றுத் தள்ளி, சரக்கு ரயில்கள் நிற்கும் யார்டில் அப்பாவுக்கு வேகன்களைச் சோதிக்கும் வேலை. பழுதான வேகனில் அவர் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவார். அதைக் கழற்றிவிட்டுத்தான் ரயில் கிளம்பும்.

வேகன்களில் படங்களும் இருக்கும். எந்த ஊர்த் தொழிலாளியோ வரைந்த கப்பல், தொப்பி போட்ட யானை, ஒரு மீசைக்காரர். மழை அழிக்கும்வரை அவை ஊர் ஊராகப் போய்வரும். மீசைக்காரர் மூன்று முறை பெங்களூருக்கு வந்து போனார். ஒன்பது வயதாகியும் நான் பெங்களூரைத் தாண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் கை கழுவப் போன நேரத்தில் மேஜையிலிருந்த சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைசிக்கு முந்தைய வேகனில் எனக்கு எட்டும் உயரத்தில் ஓரிடம்தான் இருந்தது. அங்கேயும் யாரோ இரண்டு கோடுகள் கிழித்திருந்தார்கள். நீல ஃப்ராக்கின் ஓரத்தால் துடைத்துவிட்டுப் பூனை வரைந்தேன்.

மாலையில் அப்பா காபி குடித்தபடி அம்மாவிடம் சொன்னார்: "ஒரு வேகன்ல ஸ்பிரிங் ஒடஞ்சிருந்துச்சு. நல்லவேளை, பார்த்து கிராஸ் போட்டேன். அடுத்த ஷிஃப்டுக்காரர் கழட்டியிருப்பாரு."

"எந்த வேகன்பா?"

"கடைசிக்கு முன்னாடி. ஏன்?"

கடித்த பன்னைத் தட்டில் வைத்தேன். கண்ணை மூடி ஜெபம் பண்ணிப் பார்த்தேன். ரயில் கவிழ்வதுதான் தெரிந்தது.

"நான் அழிச்சிட்டேன்பா. பூனை வரையறதுக்கு."

அப்பா டம்ளரை வைத்தார். செருப்புகூடப் போடாமல் சைக்கிளில் ஏறிப் போனார்.

"வரையறதுக்கு உனக்கு ஸ்லேட் இல்லியாடி?" என்றாள் அம்மா. எங்கோ ரயில் கூவும்போதெல்லாம் இருவரும் வாசலைப் பார்த்தோம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா திரும்பினார். "போன் பண்ணிச் சொன்னோம், மாலூர் ஸ்டேஷன்ல ரயில நிறுத்திட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கால் விரலில் ரத்தம். என்னை அடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, அவரோடு வேலை செய்யும் கன்னடக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "ஏன்ப்பா, குறி போட மறந்துட்டேன்னு நீயே எழுதிக் குடுத்தியாமே?"

"ஆமா. மறந்துட்டேன்" என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமல்.

அப்பா பொய் சொல்லமாட்டார். அப்படியானால் நான் அழித்தது வேறு யாருடைய கோடுகளோ என்று முடிவுசெய்து, அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து அப்பாவுக்கு யார்டில் வேலையில்லை. ஆபீசில் உட்கார்ந்து காகிதம் அடுக்கவேண்டும். தினமும் ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிடுவார். அப்பாவுக்கு ப்ரமோஷன் என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.