சந்தனமாரிக்கு வந்த மிஸ்டு கால்

கடல் என்று சொன்னால் கடலை மிட்டாய் ஞாபகம் வருகிற ஊர் கோவில்பட்டி. அங்கே தீப்பெட்டி ஆபீசில் பெட்டிக்குள் குச்சி அடைக்கிற சந்தனமாரிக்கு மட்டும் செங்கடல், ஏடன் எல்லாம் அடுத்த தெரு மாதிரி. ஒரே மகன் லிங்கராஜ் சரக்குக் கப்பலில் என்ஜின் வேலை பார்க்கிறான். மானாவாரிக் காட்டை நம்பிப் புருஷன் ஓய்ந்துபோனதே போதும் என்று, காதுத் தோட்டை விற்று அவனைக் கப்பல் படிப்புக்கு அனுப்பியவள் அவள்தான்.

தீப்பெட்டி ஆபீசுக்குள் செல்போன் ஆகாது. தீக்குச்சி மருந்து புழங்குகிற இடம். வாசலில் வாட்ச்மேன் பரமசிவனிடம் உள்ள மரப்பெட்டிக்குள் எல்லார் போனும் கிடக்கும். அதனால் தாயும் மகனும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். வேலை நேரத்தில் அவன் கப்பலின் சாட்டிலைட் போனிலிருந்து மிஸ்டு கால் விட்டால் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். மத்தியானம் வாசலுக்கு வந்து அதைப் பார்த்த பிறகுதான் சந்தனமாரி தூக்குவாளியைத் திறப்பாள். பார்க்காத நாளில் சோறு இறங்காது.

அன்றைக்கும் மிஸ்டு கால் கிடந்தது. வயிறாரச் சாப்பிட்டாள். பக்கத்தில் இருந்தவளிடம் துவையல்கூடக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் போனைக் கையில் வாங்கியதும் கப்பல் கம்பெனிக்காரர் கூப்பிட்டார். காலையில் கொள்ளையர்கள் துப்பாக்கியோடு கப்பலில் ஏறிவிட்டார்களாம். வேலையாட்கள் கீழே இரும்பறைக்குள் புகுந்து பூட்டிக்கொண்டார்களாம். அப்புறம் தகவல் இல்லை. மிஸ்டு கால் வந்ததும் அதே நேரம்தான்.

"உசுருக்குப் பயந்து பிள்ளை என்னயக் கூப்பிட்டிருக்கான் அண்ணாச்சி. நான் பாவி, சோத்தத் தின்னுட்டு இருந்திருக்கேன்" என்று பரமசிவனிடம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் மரப்பெட்டியைப் பார்த்தபடி நின்றார்.

எந்த நாட்டு விமானமோ ஒன்று கப்பலைக் கண்டுபிடித்து, விடாமல் மேலேயே சுற்றியது. அது காட்டிய தடத்தில் நம் கடற்படை விரைந்தது. இன்னொரு நாட்டுப் போர்க்கப்பல் எதிரே வந்து மறித்தது. எந்த நாடு பெரிசு என்று டீக்கடையில் மல்லுக்கட்டுகிறவர்கள் யாரும் இதைப் பேசவில்லை. கம்பெனிக்காரர் சொல்லக் கேட்ட சந்தனமாரிதான், மீட்கப் போன, பெயர் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சாமியைக் கும்பிட்டாள்.

கடற்படையினர் கப்பலை மீட்ட பிறகு லிங்கராஜ் போனில் பேசினான்.  அவள் முதலில் அதைத்தான் கேட்டாள்.

"ஏலே, அன்னைக்கு என்ன சொல்லதுக்குக் கூப்பிட்ட? நான் எடுக்கலையே."

"நீ எடுக்க மாட்டேன்னு தெரியும்லாம்மா. கதவைப் பூட்டுததுக்கு முன்னால ஒரு மிஸ்டு கால் விட்டேன். இல்லன்னா நீ மத்தியானம் சாப்பிட மாட்டியே."