திருஷ்டிப் பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

“பையனுக்காம்மா?” என்று கேட்டான் கடைக்காரத் தம்பி.

பூந்தமல்லியில் பெரிய ரோட்டின் மேல் இருக்கிற கம்ப்யூட்டர் கடை அது. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் பிரிண்டர் மை பாட்டில்களையே பார்த்தபடி நான் வெகுநேரம் நின்றிருந்தேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். “வேற காட்டுங்க” என்று சொல்லக் கூச்சப்பட்டே பிடிக்காத புடவைகளை வாங்கிக் கட்டியிருக்கிறேன். எனக்கு இருப்பது ஒரே பெண். அவளும் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். இதையெல்லாம் அவனிடம் எப்படிச் சொல்வது? சிரித்துவைத்தேன். அவன் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டான்.

“தம்பி கேம் ஆடுவாரா? இத பாருங்க, லைட்டெல்லாம் எரியும்!” பொத்தானை அமுக்கினான். பெட்டிக்குள் சிவப்பும் நீலமும் பச்சையும் சுற்றிச் சுற்றி ஓடின. மாங்காட்டம்மன் கோயில் திருவிழா சீரியல் செட்டு மாதிரி இருந்தது. பிறகு மானிட்டர் பெட்டியைப் பிரித்தான். தெர்மோகோல் கிறீச்சிட்டது. புது பிளாஸ்டிக் வாசனை குப்பென்று வந்தது. அவ்வளவுதான், நான் மனசால் அம்பத்தூர் ஓ.டி.யில் வேலை பார்த்த பழைய ஸ்டூடியோவுக்குப் போய்விட்டேன்.

போவதற்கு முன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நசரத்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன். சுற்றுவட்டார போட்டோகிராபர்கள் படங்களை அனுப்புவார்கள். நான் நிறம் சரிசெய்து, வெட்டி, பக்கம் பக்கமாக அடுக்கிக் கொடுப்பேன். இப்போது வருகிற படங்களின் கனம் என் பழைய கம்ப்யூட்டருக்குத் தாங்கவில்லை. ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்க் குழம்பு தாளித்துவிட்டு வரலாம். புதிதாக வாங்க வேண்டும், இல்லையென்றால் தொழிலை மூட வேண்டும். கையில் முழுப் பணம் கிடையாது. மாதத் தவணைதான்.

“அந்தத் துட்டுக்கு நகை வாங்கினா கழுத்துல கெடக்கும்,” என்றார் வீட்டுக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், இரும்பின் விலை தெரிந்தவர். “இத வாங்கினா ரெண்டு வருசத்துல காயலான் கடைக்குத்தான். உனுக்கு இன்னாத்துக்கு இந்த வயசுல? சொம்மா ஊட்ல இரேன்.”

சும்மா இருப்பது எனக்கு நன்றாக வரும். அதனால்தான் அந்தப் பேச்சைக் கேட்டுப் பயமாக இருந்தது.

பிளஸ் டூ முடித்ததும் அம்பத்தூரில் சேவியர் அண்ணனின் போட்டோ ஸ்டூடியோவில் சேர்ந்தேன். இருட்டறை வேலை. சிவப்பு பல்பு, தொட்டியில் மிதக்கும் காகிதம், படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் மூக்கில் ஏறும் நெடி. வீட்டுக்குப் போனால், “ஸ்டூடியோவுக்குப் போனியா, ஊறுகாய் கம்பெனிக்குப் போனியா?” என்று அம்மா கேட்பாள். எனக்கோ அது சொர்க்கம். யாரும் உள்ளே வர முடியாது. வந்தால் படம் கெட்டுவிடும். கூச்சக்காரிக்கு இதைவிட நல்ல காரணம் எங்கே கிடைக்கும்?

ஒருநாள் அண்ணன் கம்ப்யூட்டர் வாங்கப்போவதாக அறிவித்தார். அவருடைய மனைவி ரீட்டா அக்கா, மத்தியானச் சாப்பாட்டுக் கேரியரை மேசைமேல் டங்கென்று வைத்தார்.

“அந்தக் காசுக்கு திருவேற்காட்டுல மனை வாங்கலாம்.”

“மனைய வாங்கி? அதுல யார நிக்கவெச்சு போட்டோ புடிக்கிறது?”

“நீ நில்லு. நான் புடிக்கிறேன்.”

அக்கா சொன்னதுதான் சரி. அந்த மனை இன்று என்ன விலை என்று யோசித்தால் எனக்கே தலை சுற்றுகிறது. ஆனால் அண்ணன் தவணைக்குக் கையெழுத்துப் போட்டார். கம்ப்யூட்டர் வந்தது, தயிர்சாத நிறத்தில், ஆட்டுக்கல் கனத்தில். அதற்காகவே தடுப்பு எழுப்பி ஏசி போட்டார்கள். செருப்பை வெளியே விட்டுத்தான் நுழைய வேண்டும். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கும்போது, “சாமி, மேல படாம!” என்று அண்ணன் கத்தினார். சாமியார் சுவருக்குத் தெளித்துவிட்டுப் போனார். கோடை முழுவதும் பக்கத்துக் கடைக்காரர்கள் “கம்ப்யூட்டர் பாக்க” வந்து, ஏசியில் தூங்கினார்கள்.

இருட்டறை போய்விடுமே என்று எனக்கு அழுகையாக வந்தது. பிறகுதான் கண்டுபிடித்தேன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கலாம். அன்றிலிருந்து எனக்கு அதன்மேல் பாசம்.

முதல் வேலையைத் தானே செய்வேன் என்றார் அண்ணன். ஒரு குழந்தையின் படம், ஒரு வயது, ஃப்ரேம் போடுவதற்கு. மௌஸைப் பிடித்து, நாக்கை வெளியே நீட்டியபடி, அரை நாள் உட்கார்ந்து முகத்தைச் சுத்தம் செய்தார். சாயங்காலம் குழந்தையின் அம்மா வந்தார். படத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

“இன்னா அண்ணாத்தே, எம்புள்ள கன்னத்துல வெச்ச பொட்டு எங்க?”

அண்ணனுக்கு வியர்த்தது, ஏசியிலும். “அழுக்குன்னு நெனச்சி எடுத்துட்டம்மா.”

“அழுக்கா? என் கையால மை வெச்சி இட்டாந்தேன்! ஊரு கண்ணு முழுக்க எம்புள்ள மேலதான், அத்த தொடச்சிட்டு அழுக்குன்றியே!”

சொல்லிக்கொண்டே பையிலிருந்து மை டப்பாவை எடுத்தார். விரலில் தொட்டு, காகிதத்தில் இருந்த குழந்தையின் கன்னத்தில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார். விரலில் மிச்சம் இருந்தது. சுற்றிலும் பார்த்தார். மானிட்டரின் மூலையில் அதையும் தேய்த்தார். “இதுக்கும் இருக்கட்டும். வர்றவன் போறவன் எல்லாம் இத்தத்தான் வாயப் பொளந்துகினு பாக்குறான்.”

அந்த அம்மா போன பிறகு நான் துணியை எடுத்தேன். அண்ணன் தடுத்தார்.

“அண்ணே, நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்களாச்சே?”

“வேதக்காரன் கம்ப்யூட்டருக்கு கண்ணு படாதா? உடு.”

அதன் பிறகு ஒவ்வொரு முறை துடைத்தபோதும் ரீட்டா அக்காவே மை கொண்டுவந்து வைத்தார். மனை போன கோபம் தீராவிட்டாலும் வைத்தார்.

போன மாதம் மாங்காட்டிலிருந்து பிரபு கூப்பிட்டான். எனக்கு வேலை தருகிற போட்டோகிராபர்களில் அவன் கொஞ்சம் வேகமானவன். “இன்னும் ஒரு வருஷம்தான் ஆன்ட்டி, அப்புறம் எல்லாம் ஃபோன்லயே முடிஞ்சிடும்,” என்று வாரம் ஒருமுறை எனக்கு நாள் குறிப்பவன். அன்றைக்குக் குரல் இறங்கியிருந்தது.

“ஆன்ட்டி, ஒரு பர்த்டே ஆல்பம். ஃபோன்ல ஒரு ஆப்ல போட்டேன், மொத்தமா க்ளீன் பண்ணிக் குடுத்துச்சி. இப்போ அந்தம்மா வந்து கத்துறாங்க. எல்லா படத்துலயும் பொட்டு காணோமாம்.”

“திருஷ்டிப் பொட்டா?”

“ஆமா ஆன்ட்டி. நீங்க கொஞ்சம் வெச்சிக் குடுங்களேன்.”

ஃபோனை வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொட்டு வைக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு படத்துக்கும் அது மூச்சுத் திணறி நின்றது. அன்று வைத்த குழம்பு அடிப்பிடித்தது.

அடுத்த வருஷம் அந்த ஆப் பொட்டையும் கற்றுக்கொண்டுவிடும். எனக்குத் தெரியாதா? கற்றுக்கொள்ளட்டும். அதற்காக இந்த வருஷம் நான் ஏன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்? நகை விலை ஏறும், கம்ப்யூட்டர் விலை இறங்கும். வீட்டுக்காரர் சொல்வதும் ரீட்டா அக்காவின் மனைபோலச் சரியாகவே இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். என் கழுத்தில் நகை கிடந்தால் அதைப் பார்த்து யாரும் ஆல்பம் கொண்டுவந்து தரப்போவதில்லை.

கடையில் தவணைக்கென்று தனி மேசை. அங்கே இருந்த பெண் நிமிராமல் கேட்டாள்: “சார் வரலையாம்மா? லோன் சார் பேர்லயா, பையன் பேர்லயா?”

கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். முதுகைக் காட்ட இடமில்லை.

“என் பேர்ல,” என்றேன். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. விளக்கு காட்டிய தம்பி திரும்பிப் பார்த்தான். “கம்ப்யூட்டரும் எனக்குத்தான் தம்பி. கேம் ஆட இல்ல, வேலை செய்ய. அந்தக் கலர் லைட்டு இல்லாம ஒண்ணு குடு.”

வருகிற வழியில் ஸ்டூடியோ ஞாபகமாகவே இருந்தது. அந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். இருட்டறைச் சுவரை இடித்து அகலமாக்கிவிட்டார்கள். பட்டப்பகல் போல வெளிச்சம். அண்ணனும் அக்காவும் மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்கள். ஹைப்போ நெடி என்றால் என்னவென்று பிரபுவுக்குத் தெரியாது.

வீட்டில் எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும் மை டப்பாவை எடுத்தேன். மானிட்டரின் மூலையில் அழுத்தி வைத்தேன். கறுப்பின்மேல் கறுப்பு, ஒன்றுமே தெரியவில்லை. பொட்டு தெரிகிற அந்தத் தயிர்சாத நிறத்தில் இப்போது யார் மானிட்டர் செய்கிறார்கள்?

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “இன்னா பண்ணிகினு கீற?”

“பொட்டு வெச்சேன்.”

“எங்க? ஒண்ணியும் காணமே?” என்று விரலை நீட்டித் தடவ வந்தார்.

“கைய வெக்காதீங்க,” என்றேன்.