வந்துடுச்சி

இப்போதெல்லாம் நாவலைக் கையில் எடுத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைப் படித்துவிடுகிறேன். நூலகத்தில் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றபடியே. முன்பு அப்படி இல்லை. கடைசிப் பக்கம் தவறிக்கூடக் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று பழைய சீசன் டிக்கெட்டை அங்கே செருகி வைத்துப் படித்தவள் நான்.

போன மாதம் எடுத்த தடித்த நாவலில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகச் சண்டை போட்டு, கடைசியில் ஒரு கல்யாணப் பந்தியில் ஒன்றாக உட்காருகிறது. அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக எடுத்துவந்தேன். படித்தபோது ஒன்றும் மனதில் ஏறவில்லை. யார் யாரைத் திட்டினாலும், எப்படியும் சேர்ந்து சாப்பிடத்தானே போகிறீர்கள் என்று தோன்றியது. அதற்கு முன் எடுத்தது ஓர் ஆலைத் தொழிலாளியைப் பற்றியது. எழுதியவர் எங்களைப் போன்றவர்கள் மேல் இரக்கம் உள்ளவர், அது தெரிகிறது. ஆனால் அந்தத் தொழிலாளி மனதில் இருப்பதையெல்லாம் பக்கம் பக்கமாகப் பேசுகிறான். பதினான்கு வருடமாகக் கம்பெனி வேலைக்குப் போகிறேன், அப்படி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. நான் பேசியதே குறைவு. சூப்பர்வைசர் ஏதாவது கேட்டால் தலையாட்டுவேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று அவர் திரும்பக் கேட்பார்.

அந்தத் தொழிலாளி கடைசிப் பக்கத்தில் செத்துப்போகிறான். அதைப் படித்ததும், இதை எப்படி மாற்றிச் சொல்லலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். என்னை நினைத்து எனக்கே பயமாக இருந்தது. புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்தப் பழக்கம் ஒரு நாவலால் வந்தது.

நான் மீஞ்சூரில் ரயில் ஏறுவேன். கும்மிடிப்பூண்டியில் பாட்டில் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. மூடிகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். என்னோடு அதே மேசையில் உட்காருபவள் பொன்னேரியில் ஏறுவாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள், எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வராது. அவள் புருஷன் ஆந்திரா பக்கம் வேலைக்கென்று போய் அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. முதல் வருடம் போன் வந்தது. பிறகு அந்த எண்ணை அழுத்தினால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. "யாருக்கா அந்தப் பொம்பள, எப்பப் பாத்தாலும் அவளே எடுக்கிறா?" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஒருநாள் எதிரில் உட்கார்ந்து என் புத்தகத்தைத் தட்டினாள்.

"இன்னாக்கா, டெய்லி மூஞ்சப் பொஸ்தகத்துல வெச்சிக்கினே வர்றே. இன்னா கீது அதுல?"

"கதம்மா."

"அப்ப சொல்லு. நீ மட்டும் படிச்சிக்கினா போதுமா?"

கையில் இருந்தது புருஷன் ஊரைவிட்டுப் போய்விட்ட ஒரு பெண்ணின் கதை. இவளுக்குச் சொல்லக்கூடிய கதையா என்று தயங்கினேன். நானே பாதிதான் படித்திருந்தேன். ஆனால் வேறு கதை கையில் இல்லை. மெதுவாக ஆரம்பித்தேன்.

பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு இருபது நிமிடம். நடுவில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிடக் கவரைப்பேட்டையில் வண்டியை நிறுத்திப் போட்டால் எல்லோரும் முணுமுணுப்பார்கள், அவள் மட்டும் காலை மடக்கி வசதியாக உட்காருவாள். அங்கே இறங்குகிற கொய்யாப்பழக் கூடைக்காரம்மாவுக்கும் கதை பிடித்துப்போயிற்று. "சட்டுனு சொல்லும்மா, இழுத்துக்கினே போறே. நான் எறங்கின அப்பறந்தான் உனக்கு நல்ல கட்டமெல்லாம் வருது" என்று என்னைத் திட்டுவார். என் வாயிலிருந்து அத்தனை பேச்சு வந்தது வாழ்க்கையில் அப்போதுதான்.

புத்தகத்தில் அந்தப் புருஷனை 'அவன்' என்று எழுதியிருந்தார்கள். நான் சொல்லும்போது 'அது' என்றுதான் வந்தது. எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷனைப் பேர் சொல்ல மாட்டோம், அவன் என்றும் சொல்ல வராது. அது சாப்பிட்டுச்சி, அது தூங்குது என்போம். குழந்தையும் அது, ரயிலும் அது.

கதை முக்கால் பங்கு வந்தபோது அவள் ஒரு சேதி சொன்னாள். பள்ளிப்பட்டில் ஒருவர், மனைவி இறந்தவர், சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அண்ணன் பார்த்துப் பேசியிருக்கிறது.

"நல்ல மன்சன்னு அண்ணன் சொல்லுது. வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"நீ இன்னா சொல்லப் போறே?"

"தெர்லக்கா. ஒரே பேஜாரா கீது. உன் கதை முடியட்டும், அது வருதா பாத்துட்டு சொல்றேன்."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம், உலையை வைத்துவிட்டுக் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். அவன் வரவில்லை. அந்தப் பெண் பெட்டியைத் திறந்து, வருடக்கணக்காக மடித்து வைத்திருந்த அவனுடைய நீலச் சட்டையை எடுக்கிறாள். மோந்து பார்க்கிறாள். பாச்சா உருண்டை வாசனைதான் வருகிறது. சட்டையை நாலாகக் கிழிக்கிறாள். அடுப்பில் கொதிக்கிற சோற்றுப் பானையை அதில் ஒரு துண்டால் பிடித்து இறக்குகிறாள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

என் அடுப்பில் சோறு குழைந்துபோயிற்று. எவ்வளவு கல் நெஞ்சு இதை எழுதியவருக்கு என்று முதலில் கோபம் வந்தது. குழைந்த சோற்றைச் சாப்பிடும்போது அந்தப் பெண் இனிமேல் நன்றாக இருப்பாள் என்று தோன்றியது. அன்றைக்குத்தான் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டிருப்பாள். இதை அப்படியே நாளைக்கு இவளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பெட்டி, சட்டை, துணி, பானை என்று வரிசையாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை வண்டியில் கூட்டம். அவள் வாசல் பக்கம் மாட்டிக்கொண்டாள். கவரைப்பேட்டை தாண்டித்தான் நெருக்கித் தள்ளிக்கொண்டு என்னிடம் வர முடிந்தது. அந்தப் பெண் பெட்டியைத் திறக்கிற இடத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், வண்டி வேகம் குறைந்தது. எல்லோரும் எழுந்தார்கள். பையை எடுக்க நானும் எழுந்தேன்.

"வந்துச்சாக்கா?" என்றாள்.

"வந்துடுச்சி, எறங்கு" என்றேன்.

நான் ஸ்டேஷனைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்தாள். "வந்துடுச்சா! எனக்குத் தெரியும்க்கா, வரும்னு தெரியும்" என்றாள். பின்னால் நின்றவர்கள், "ஏம்மா, வழியில நின்னுக்கினு இன்னா கொஞ்சல், எறங்குங்க" என்று தள்ளினார்கள்.

இல்லம்மா, நான் ஸ்டேஷன சொன்னேன். நாலு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்டேஷனிலிருந்து கம்பெனிக்குக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். அவள் திரும்பித் திரும்பிச் சிரித்தபடி எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு வாய் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சொல்லலாம் என்றிருந்தேன். அவள் தன் டப்பாவிலிருந்த முட்டையை என் சோற்றில் வைத்து, "நல்ல கதை சொன்னதுக்கு" என்றாள். அதையும் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை, மூடிகளைப் பிரித்துக்கொண்டே தலைநிமிராமல் சொன்னாள். "அண்ணன்கிட்ட முடியாதுன்னு சொல்ட்டேன்க்கா. நானும் வெயிட் பண்றேன்."

அதற்குப் பிறகும் ஒருமுறை நல்ல வாய்ப்புக் கிடைத்தது. கவரைப்பேட்டையில் வண்டியை அரைமணி நேரம் போட்டுவிட்டார்கள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"எக்கா, அது இன்னா சட்டை போட்டுக்கினு வந்துச்சி? அன்னிக்குச் சொல்லவே இல்லியே."

எனக்குத் தெரிந்தது ஒரே சட்டைதான். "நீலம்" என்றேன்.

"வந்ததும் இன்னா சொல்ச்சி?"

"தண்ணி கேட்டுச்சி."

எங்கிருந்து அது வந்தது என்று தெரியவில்லை. தண்ணீரை அவள் எந்தச் சொம்பில் கொடுத்தாள், அவன் எப்படி நிமிராமல் ஒரே மூச்சில் குடித்தான், எல்லாம் சொன்னேன். கூடைக்காரம்மா இறங்காமல் நின்று, "பாவிப்பய, எப்பிடியோ வந்து சேந்தானே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவ்வளவு நன்றாக அதற்கு முன் எதையும் சொன்னதில்லை. உண்மையை என்னால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

பள்ளிப்பட்டுக்காரருக்குத் தை மாதத்தில் வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. அண்ணன் அவள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டது. மழைக்கு ஒழுகுகிற அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். போன மழைக்காலத்தில் பதினைந்து நாள் காய்ச்சல். வேறு வீடு பார் என்றேன். "ஊடு மாத்திட்டா அது எங்க வந்து தேடும்?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை.

அந்த நாவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் அது அலமாரியில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால், ரயிலில் யார் கையிலாவது இருக்கிறதா என்று அன்றைக்கெல்லாம் தேடிக்கொண்டு வருவேன். அதை நான் மறுபடி படிக்கவில்லை. படித்த நாவல்களில் அதுதான் நல்ல நாவல்.

இப்போது புதுக் கதை எதுவும் அவள் கேட்பதில்லை. மனசு சரியில்லாத நாட்களில் அதையே மறுபடி சொல்லச் சொல்வாள். முழுக்கதை வேண்டாம், அது வருகிற இடம் மட்டும். நேற்றும் கேட்டாள். களைப்பில் நான் ஏதோ நினைவாக, வெள்ளைச் சட்டை என்று சொல்லிவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"போன தபா நீலம்னு சொன்னியேக்கா?"

"ஆமா" என்றேன். "நீலந்தான்."