இல்லாத காலுக்குத் தண்ணீர்

"பிள்ளை, உந்த இடத்தைக் கொஞ்சம் சொறிஞ்சு விடு" என்று மாமா முதன்முதலாகக் கேட்டபோது அவர் காட்டியது வெறும் பாயை. இடது முழங்காலுக்குக் கீழே அவருக்குக் கால் இல்லை. சாவகச்சேரிப் பக்கம் விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடியில் போனது. கால் போனதே தவிர வலி போகவில்லை. குதி எரியுது, பெருவிரலை ஆரோ முறுக்குகினம் என்று துடிப்பார். நான் குனிந்து அந்த ஓலைப்பாயைச் சொறிந்தேன். "இன்னும் கொஞ்சம் கீழை. ஓம், அதிலைதான்" என்றார். வலி ஏறினால் அவருடைய வலது கை பாயின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த ஓரம் மட்டும் பிய்ந்து ஓலை ஓலையாகத் தொங்கும்.

மாமா என் அம்மாவின் அண்ணை. கலியாணம் செய்யவில்லை. இடம்பெயர்ந்த நாள் முதல் உடுவிலில் எங்களோடுதான் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் குளிசையை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் கிளினிக்குக்குப் புதிதாக வந்த டொக்டர், ஒரு இளம் பெண், ஹிப்னோடிசம் செய்து பார்க்கலாமா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். சின்ன வயதில் ஒரு கார்னிவலில் மேடைக்காரர் ஒருவர் ஆளைத் தூங்கவைத்து, வெங்காயத்தை அப்பிளென்று தின்னவைத்ததைப் பார்த்தவள். இதென்ன பேய்க்கூத்து என்று வீட்டுக்கு வந்து கத்தினேன். மாமா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வெங்காயம் நான் எவ்வளவோ பயிரிட்டனான். பயமில்லை, கூட்டிக்கொண்டு போ" என்றார்.

டொக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். இது தூக்கமில்லை, நீங்கள் என் சொற்படி ஆடப்போவதுமில்லை. மனம் ஒரு இடத்தில் நன்றாக ஊன்றி நின்றால் வலி கொஞ்சம் தள்ளி நிற்கும், சிலருக்குத்தான் சரிவரும், குளிசையை நிற்பாட்ட வேண்டாம் என்றார். பிறகு மாமாவைக் கண்ணை மூடச் சொல்லி, கொழும்பில் படித்துவந்த வாசகத்தை மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினார். "உங்களுக்கு முன்னாலை படியள் இருக்கு. ஒவ்வொண்டா இறங்குங்கோ. கீழை பாதுகாப்பான ஒரு இடம் இருக்கு..."

மாமா சட்டென்று கண்ணைத் திறந்தார். "பிள்ளை, படி இறங்கினால் பங்கரல்லோ வருது!"

ஷெல்லடிக்குப் பயந்து நாங்கள் பதுங்கிக் கிடந்த குழிதான் அவருக்கு நினைவு வந்தது. டொக்டரின் முகம் செத்துவிட்டது. எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் கெட்டிக்காரி. கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்ப நீங்களே சொல்லுங்கோ ஐயா, எந்த இடத்திலை நிண்டால் உங்களுக்கு ஒண்டும் நோகாது?" என்று கேட்டார்.

மாமா யோசிக்கவேயில்லை. பலாலிப் பக்கம் ஆமியின் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக் கிடந்த தன் தோட்டத்தைச் சொன்னார். அங்கே கிணற்றடியில் மிசின் இறைக்கும், மாமா வெறுங்காலோடு வாய்க்காலுக்குள் நின்று வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவார். ஒரு பாத்தி நிறைந்ததும் இடது காலால் செம்மண்ணை அணைத்து அதன் வாயை மூடுவார். மண்வெட்டி எடுக்கிறதே இல்லையாம். டொக்டர் கேட்கக் கேட்க, மாமா கண்ணை மூடியபடி சொல்லிக்கொண்டே போனார். தண்ணி குளிருது. குதியிலை படுது. விரலுக்குள்ளாலை ஓடுது. இருந்த கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த அவருடைய வலது கை மெல்ல மெல்ல விரிந்து மடியில் விழுந்தது. அப்படி விரிந்த கையை நான் வருசக்கணக்காகக் கண்டதில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிற நான் அந்த அறையில் இருந்து அழுதேன்.

பிறகு அவரே பழகிக்கொண்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாயில் சரிந்து கண்ணை மூடினால், "இப்ப தோட்டத்துக்குப் போட்டார்" என்று அம்மா பகிடி பண்ணுவா. போய் வந்தால் பொழுதுபடும் வரையாவது நிம்மதியாக இருப்பார். நாலு பேரோடு கதைப்பார். பாயைச் சொறியச் சொல்லி என்னைக் கூப்பிடுவதும் நின்றுபோனது.

அப்போதுதான் ஆமிக்காரர் காணியை விட்டார்கள். எத்தனை வருசம் நேர்ந்து கிடந்த காரியம்! அம்மா பொங்கல் பானையோடு, வாடகைக்குப் பிடித்த வானில் ஏறினா. மாமா பொய்க்காலைப் பூட்டி, வெள்ளை வேட்டி கட்டி, முன் சீற்றில் இருந்தார். போய் இறங்கினால் ஆளுயரத்துக்கு முள்ளும் செடியும் மண்டி ஒரே பற்றை. வீடு இருந்த அடையாளமே இல்லை. கிணற்றைக் கல்லும் மண்ணும் போட்டுத் தூர்த்திருந்தார்கள். எல்லைக் கல்லைக் காட்டி, "இதுதான் ஐயா உங்கடை காணி" என்று யாரோ சொன்னார்கள். மாமா வாய்க்காலைத் தேடிப் பொய்க்காலோடு அந்தப் பற்றைக்குள் இழுபட்டு நடந்தார். "இதிலையோ?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அம்மா பொங்காமலே பானையைத் திருப்பிக் கொண்டுவந்தா.

அன்றோடு எல்லாம் போயிற்று. கண்ணை மூடினால் பற்றைதான் வருகிறது, தண்ணீர் வருகிறதில்லை என்றார். டொக்டரிடம் கூட்டிப்போனேன். வேறு இடம் ஒன்றை நினைக்கச் சொல்லி அவரும் எவ்வளவோ முயன்றார். கோயில் வீதி, கடற்கரை, எங்கள் வீட்டு முற்றம். ஒன்றும் சரிவரவில்லை. "வேறை இடம் என்னட்டை இல்லையே, பிள்ளை" என்றார் மாமா. டொக்டர் தலையைக் குனிந்துகொண்டு குளிசையைக் கூட்டி எழுதினார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரில் கோபிப்பது? காணி வேண்டும் என்று கேட்டவர்கள் நாங்கள். கேட்டதைத் தந்துவிட்டார்கள். அந்தத் தோட்டம் கம்பி வேலிக்கு அப்பால் கிடந்த வரைக்கும் மாமாவுக்கு இரண்டு கால் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா திரும்பவும் கூப்பிட்டார். நான் பாயருகே இருந்து அந்த வெறும் இடத்தைச் சொறிந்தேன். "கீழையோ மாமா?" என்று கேட்டேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். என்ன செய்வதென்று தெரியாமல், டொக்டர் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொல்லத் தொடங்கினேன். "மிசின் இறைக்குது மாமா. வாய்க்காலிலை தண்ணி வருது. உங்கடை குதியிலை படுது..."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். "ஓம் பிள்ளை, வருது" என்றார். "நல்லாக் குளிருது. நீ போய்ச் சாப்பிடு."

அவருடைய வலது கை பாயின் ஓரத்தை விடவில்லை.