சயாம் பெஞ்சு

அவித்த மரவள்ளிக்கிழங்கின் ஆவி முகத்தில் அடித்தால் மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்கு இன்றும் கோபம்தான் வரும். ஜப்பான்காரர்கள் பினாங்கை ஆண்ட காலத்தில், டத்தோ கிராமட் பக்கமிருந்த எங்கள் தமிழ்ப் பள்ளியில், முதல் வரிசை பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் இடைவேளையில் அந்தக் கிழங்கு இரண்டு துண்டு கூடுதலாகக் கிடைத்தது. இப்போது தாய்லாந்து என்கிற சயாமில் ரயில் பாதை போட அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்ட பிள்ளைகளின் பெஞ்சு அது. பெயர் வைப்பதில் பிள்ளைகளை யார் மிஞ்ச முடியும்? நாங்கள் அதை ‘சயாம் பெஞ்சு’ என்றோம்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் எங்கள் செல்லம்மா டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரர், இளகிய மனசு. அவரையும் மற்ற மூன்று ஆசிரியர்களையும் ஜப்பான்காரர்கள் மூன்று மாதம் உட்காரவைத்து, தங்கள் மொழியும், கிழக்கே பார்த்துக் குனிந்து வணங்குவதும், விசில் சத்தத்துக்குக் கைகால்களை ஆட்டும் ‘தைசோ’வும், தப்பு செய்தால் கன்னத்தில் அறைவதும் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்தப் பயிற்சியின் வாசமோ என்னவோ, நல்லது செய்ய நினைத்தபோதும் டீச்சருக்கு எங்களை வரிசையில் நிறுத்தித்தான் செய்ய வந்தது.

முனியாண்டிக்கு அந்த பெஞ்சு சொர்க்கம். அவன் அப்பா வீட்டிலிருந்தவரை தினமும் குடியும் அடியும்தான். அவர் சயாமுக்கு லாரி ஏறியதிலிருந்து பயலின் முகமே தெளிந்துவிட்டது, கிழங்கு வேறு. என் கதை அப்படியில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பா, பசாருக்கு மீன் வாங்கப் போன இடத்தில் பிடிபட்டவர். ஆறு மாதமாகத் தகவலே இல்லை. நான் மட்டும் பள்ளியில், “அப்பா வீட்ல இருக்காரு” என்று கூசாமல் புளுகிக்கொண்டிருந்தேன். எட்டு வயதில் எனக்கு அவ்வளவு பிடிவாதம்.

ஒருநாள் குழாயடியில், நான் நிற்பது தெரியாமல், அடுத்த வீட்டு அக்கா யாரிடமோ சொன்னாள்: “மவள அந்த பெஞ்சுல உக்கார வச்சிட்டா அப்பறம் என்னா, தாய்க்காரி பொட்ட அழிக்க வேண்டியதுதானே.” அப்பாவின் உயிரும் அம்மாவின் பொட்டும் நான் எங்கே உட்காருகிறேன் என்பதில்தான் இருக்கின்றன என்று அன்றைக்கே முடிவு கட்டிக்கொண்டேன்.

என் புளுகு எப்படியோ டீச்சருக்குத் தெரிந்துபோய், ஒரு காலையில் என்னை முன்வரிசைக்குக் கூப்பிட்டார். நான் மேசையை இறுகக் கட்டிக்கொண்டேன். “வா பிள்ளை, உன்ர நல்லதுக்குத்தானே” என்று அவர் கையைப் பிடித்து இழுக்க, அந்தக் கையை ரத்தம் வரக் கடித்துவிட்டேன். அறை விழப்போகிறதென்று கண்ணை மூடினேன். விழவில்லை. பள்ளி விட்டதும் இருக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

எல்லாரும் போனபின், கையில் துணி சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஏன் பிள்ளை கடிச்சனீ?”

“நான் அங்க உக்காந்தா அப்பா செத்துருவாரு டீச்சர். அம்மா பொட்ட அழிச்சிருவாங்க.”

டீச்சர், “உனக்கு எங்க இருக்க விருப்பம்?” என்று கேட்டார். இங்கேயே என்றேன். “அப்ப இங்கேயே இரு” என்றவர், கடித்ததற்குத் தண்டனையாகச் சிலேட்டு நிறைய ஜப்பான் எழுத்துகளை எழுதச் சொல்லிவிட்டு, மற்ற மூன்று ஆசிரியர்களையும் அந்த அறைக்கே அழைத்து வந்தார்.

“மூண்டு மாசம் படிச்சு வந்தம். குனிய வைக்கப் படிச்சம், அடிக்கப் படிச்சம். ஒரு பிள்ளையிட்ட உனக்கு என்ன வேணுமெண்டு கேக்கப் படிக்கேல்லை. நானே பிழை விட்டிட்டன்” என்று கட்டுப்போட்ட கையைக் காட்டினார். பெரிய வாத்தியார் தலையைச் சொறிந்தார். “அறுபது பிள்ளைங்க டீச்சர். ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டிருந்தா எப்பப் பாடம் நடத்துறது?” டீச்சர் விடவில்லை. “ஆளுக்கு ஒண்டெண்டு நாளுக்கு நாலு பேரைக் கேப்பம்.”

அப்படியே கேட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றானது, கிழங்கும் எல்லாருக்கும் ஒரே அளவு. அந்தக் கூடுதல் துண்டுகள் போனதற்காக முனியாண்டி என்னை மன்னிக்கவேயில்லை.

யுத்தம் முடிந்து சயாமிலிருந்து சிலர் புண்ணும் காய்ச்சலுமாகத் திரும்பினார்கள். அப்பா வரவில்லை. செத்ததைப் பார்த்ததாகவும் யாரும் சொல்லவில்லை. அம்மா கண்மூடும்வரை நெற்றியில் பொட்டு இருந்தது, அப்படியேதான் வழியனுப்பினோம்.

பள்ளி இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. டீச்சரும் இல்லை. பாயான் பாருவில் ஆசிரியையாக இருக்கும் என் மகள், பிள்ளைகளின் மனதைப் புரிந்துகொள்ளும் பயிற்சிக்குப் போய்வந்து, “இப்ப இதுக்கெல்லாம் கோர்ஸ் இருக்கு லா அம்மா” என்கிறாள். அன்றைக்கு அந்தப் பேச்சோடு பேச்சாக, “தாத்தா எப்பம்மா செத்தாரு?” என்று கேட்டுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தவள், “சொல்ல வேணாம்னா விடுங்கம்மா” என்று எழுந்து தேநீர் போடப் போனாள். படித்த படிப்பு வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு நான் இன்றுவரை திதி கொடுத்ததில்லை. நாள் தெரியாது, அதனால்தான் என்று கேட்பவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.